சனிக்கிழமைச் சம்பளம் திங்களுக்குப் போனால்

2023 பிப்ரவரியில் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, உன்ற பணம் அப்படியே வந்திருச்சு. ஒரு ரூபாகூடக் கொறையல" என்றேன். தூங்கிக்கொண்டிருந்திருப்பாள். "செரி கண்ணு. உங்கிட்டயே இருக்கட்டும். ஜூன்ல பாப்பா காலேஜுக்கு வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஒன்றேகால் வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருந்த கவலை தீர்ந்தது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி என் கைக்கு வரவே இல்லை. ஒரு சின்ன கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் ஆப்பில், ரூபாய் இருப்பு என்ற இடத்தில், 1,82,000-க்குச் சற்று மேல் ஓர் எண்ணாக வந்து நின்றது. நின்ற இடத்திலேயே போய்விட்டது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். 22 வருஷமாக அதுதான் பிழைப்பு. எந்த யூனிட் தள்ளாடுகிறது, எந்த டையிங்காரர் இந்த வருஷத்தைத் தாண்டமாட்டார் என்பதெல்லாம் பில்லைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் என் பணம் 2,80,000, அக்கா பணம் 1,80,000 இரண்டையும் ஒரு எக்ஸ்சேஞ்சில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அதன் கணக்கை ஒருநாள்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

2021 நவம்பரில் அக்காவுக்கு ஏலச்சீட்டு முடிந்து பணம் வந்தது. பாங்கில் போடப் போனவளை நிறுத்தியவன் நான்தான். அந்த மாதம் பிட்காயின் 69,000 டாலர் வரை போயிருந்தது. எனக்கு இதை அறிமுகப்படுத்திய நூல் புரோக்கர் நண்பர், "பெரிய எக்ஸ்சேஞ்சுல கமிஷன் அதிகம், இதுல பாதிதான்" என்றார். டெலிகிராம் குரூப்பில் தமிழிலேயே பதில் சொன்னார்கள். அவர்களுடைய சொந்த டோக்கன் கொஞ்சம் வாங்கி வைத்தால் கமிஷன் இன்னும் குறையும் என்றார்கள். 60,000 ரூபாய்க்கு அதையும் வாங்கினேன். மீதி நாலு லட்சத்துக்குப் பிட்காயின்.

ஒரு எக்ஸ்சேஞ்ச் எதில் பிழைக்கிறது? வாங்குகிறவரிடமும் விற்கிறவரிடமும் எடுக்கும் கமிஷனில். நான் சேர்ந்த இடத்தில் அது 0.2 சதவீதம். ஒரு லட்சம் கைமாறினால் ஒரு பக்கத்துக்கு 200 ரூபாய், இரண்டு பக்கமும் சேர்த்து 400. அவர்கள் தளத்திலேயே காட்டிய ஒருநாள் வியாபாரம் நல்ல நாளில் ஒரு கோடி. ஆக, நாளைக்கு 40,000, மாதத்துக்கு 12 லட்சம். இதில் சர்வர் வாடகை, வாலட் பாதுகாப்பு, கேஒய்சி சரிபார்ப்புக்குக் கட்டணம், வக்கீல், ஆடிட்டர், 20, 25 பேருக்கு ஐடி சம்பளம், அதற்கு மேல் விளம்பரம். தாங்காது. இதே கணக்கை எங்கள் கம்பெனிக்கு யாராவது கொண்டுவந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் முதலாளியிடம் போய், "வேண்டாங்க, இவங்க ஒரு வருஷம் தாண்டமாட்டாங்க" என்று சொல்லியிருப்பேன். என் பணம் என்று வந்தபோது காகிதத்தை எடுக்கவே தோன்றவில்லை.

அந்த ஒரு கோடியும் நிஜம்தானா என்பது வேறு விஷயம். நடந்த வியாபாரங்களின் பட்டியலை உட்கார்ந்து கவனித்திருந்தால், ஒரே அளவு காயின் ஒரே இடைவெளியில் வாங்கப்படுவதும் விற்கப்படுவதுமாக இருந்தது கண்ணில் பட்டிருக்கும். கூட்டம் இருப்பதாகக் காட்டத் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்றுக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு.

எக்ஸ்சேஞ்ச் மூடுவது இந்தியாவுக்குப் புதிதில்லை. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: கிரிப்டோ வியாபாரம் செய்கிறவர்களுக்கு எந்த வங்கியும் சேவை தரக்கூடாது, மூன்று மாதத்தில் தொடர்பை முடித்துக்கொள்ள வேண்டும். யாரும் எக்ஸ்சேஞ்சுகளைப் பூட்டச் சொல்லவில்லை, பணம் வந்துபோகும் குழாயை அடைத்தார்கள், அவ்வளவுதான். ஜெப்பே என்ற எக்ஸ்சேஞ்ச் 2018 செப்டம்பரில் இங்கே வியாபாரத்தை நிறுத்தியது. காயின்டெல்டா 2019 மார்ச்சில் மூடியது. காயினெக்ஸ் அதே வருஷம் ஜூனில். 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் சுற்றறிக்கையை ரத்து செய்த பிறகு ஜெப்பே திரும்பி வந்தது. மற்ற இரண்டும் அந்தத் தீர்ப்பு வரும்வரை தாக்குப்பிடிக்கவில்லை. பணம் போடும் முன்னால் இந்தக் கதையைப் படித்திருந்தாலே, வங்கிக் கதவு அடைபட்டால் எக்ஸ்சேஞ்ச் எத்தனை மாதம் தாங்கும் என்பது எனக்குப் புரிந்திருக்கும்.

நான் இருந்த காலத்தில் வந்தது வரி. 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. அதைவிட எக்ஸ்சேஞ்சுகளின் கழுத்தை நெரித்தது, ஜூலை 1 முதல் விற்ற தொகையில் முன்கூட்டியே பிடிக்கப்பட்ட 1 சதவீத வரி, டிடிஎஸ். கேட்டால் சின்னத் தொகையாகத் தோன்றும். ஆனால் தினமும் வாங்கி விற்கிறவர் ஒரு லட்சத்தை வைத்துத் திரும்பத் திரும்ப 50 முறை விற்றால், ஏறக்குறைய 40,000 ரூபாய் டிடிஎஸ்ஸாகப் போய் ரிட்டர்ன் போடும்வரை முடங்கிவிடும். அப்படிப்பட்டவர்கள் நடையைக் கட்டினார்கள். எக்ஸ்சேஞ்சுக்கு வருமானம் தந்தவர்களே அவர்கள்தான். மிச்சம் இருந்தது என்னைப்போல் வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள். எங்களால் கமிஷன் கிடையாது. 2023 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சுகளையெல்லாம் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அது தேவையான நடவடிக்கை என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கென்று ஆள், பதிவேடு, அறிக்கை என்று செலவு ஏறியது. பெரிய எக்ஸ்சேஞ்சுகள் தாங்கின.

திருப்பூரில் ஒரு யூனிட் மூடப்போவதை நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வோம்? முதலாளி சொல்லித் தெரிவதில்லை. சனிக்கிழமைச் சம்பளம் திங்கட்கிழமைக்குப் போகும். அடுத்த வாரம், பாதி இன்றைக்கு, பாதி புதன்கிழமை என்பார்கள். நூல்காரர் கடனுக்குக் கொடுக்கமாட்டேன் என்பார். முதலாளியின் போனைச் சூப்பர்வைசர் எடுப்பார். டெய்லர்கள்தான் முதலில் மோப்பம் பிடிப்பார்கள். இரண்டாவது சனிக்கிழமையே வேறு கம்பெனி கேட்டில் நிற்பார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

என் எக்ஸ்சேஞ்சிலும் சனிக்கிழமைச் சம்பளம் திங்களுக்குத்தான் போனது. ரூபாய் எடுத்தால் அரைமணி நேரத்தில் பாங்கில் ஏறிக்கொண்டிருந்தது 2022 தீபாவளிக்குப் பிறகு இரண்டு நாள் ஆயிற்று. ஜனவரியில் ஐந்து நாள். "வங்கிப் பராமரிப்புப் பணி" என்று ஆப்பின் தலையில் ஒரு மஞ்சள் பட்டை வந்தது. சில காயின்களுக்கு வாலட் பராமரிப்பு என்று போட்டார்கள். அதில் கவனித்திருக்க வேண்டியது, அந்தக் காயின்களை உள்ளே போடுவதற்குத் தடையில்லை, வெளியே எடுப்பதற்கு மட்டும்தான் தடை. பராமரிப்பு என்றால் இரண்டும்தானே நிற்கும்? டெலிகிராம் குரூப்பில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றினார்கள். அதே வாரம், ஆறு மாதம் காயினைப் பூட்டி வைத்தால் 18 சதவீத வட்டி என்று மெயில் வந்தது.

ஒவ்வொன்றுக்கும் நான் சமாதானம் வைத்திருந்தேன். அவர்கள் சொன்ன சமாதானம் கொஞ்சம்தான். பாங்குக்காரன்தான் தொந்தரவு தருகிறான், குரூப்பில் கண்டவனும் திட்டுகிறான் என்று மீதியை நானே அவர்களுக்காகச் சேர்த்துக்கொண்டேன். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் சாய்ந்தபோது, அது தன் சொந்த டோக்கனை நம்பி நின்றதையும், அந்த டோக்கன் ஒரே வாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனதையும் படித்தேன். என்னிடமும் ஒரு எக்ஸ்சேஞ்சின் சொந்த டோக்கன் 60,000 ரூபாய்க்கு இருக்கிறதே என்ற எண்ணம் வந்தது. அது அமெரிக்க விவகாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

பிப்ரவரியில் ஒன்று நடந்தது. அந்த இரவைத்தான் மனசு இன்னும் சுற்றிச் சுற்றி வருகிறது. பிட்காயின் எல்லா இடத்திலும் 19 லட்சம் ரூபாய். எங்கள் எக்ஸ்சேஞ்சில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல், ஏழு சதவீதம் கூட. இரண்டு ஆப்பையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன். என்னிடம் இருந்தது 0.1 பிட்காயின். கால்குலேட்டரில் போட்டால், அதில் பத்தில் ஒன்பது பங்கை விற்றாலே அக்கா கொடுத்த தொகை வந்துவிடுகிறது. எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை, அக்கா பணம் தப்பிக்கட்டும் என்று விற்றேன். விற்ற கையோடுதான் அந்தப் போன்.

அந்த ஏழு சதவீதம் எங்கிருந்து வந்தது? ரூபாயை வெளியே எடுக்க முடியாது என்று புரிந்துகொண்டவர்கள், கையில் இருந்த ரூபாய்க்கெல்லாம் என்ன விலையானாலும் பிட்காயின் வாங்கி, அதைத் தங்கள் வாலட்டுக்கு மாற்றிக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். திறந்திருந்த ஒரே கதவு அது. அந்தக் கதவில் நுழையக் கொடுத்த கூலிதான் ஏழு சதவீதம். நான் என் காயினை அவர்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் தப்பித்து வந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ், ஒருகாலத்தில் உலகத்தின் பெரிய பிட்காயின் சந்தை. 2013-ல் அங்கே டாலர் எடுப்பது தாமதமானபோது பிட்காயின் விலை மற்ற இடங்களைவிட ஏறி நின்றது. 2014 பிப்ரவரி 7 அன்று பிட்காயின் எடுப்பதையே நிறுத்தினார்கள். உடனே அங்கே மட்டும் விலை சரிந்தது. அந்த மாதக் கடைசியிலேயே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள், 8,50,000 பிட்காயினைக் காணோம் என்று. விலை கூடுதலாக இருந்தால் பணம் போகும் வழி அடைபட்டிருக்கிறது, குறைவாக இருந்தால் காயின் போகும் வழி அடைபட்டிருக்கிறது. இந்த ஒன்றைப் பணம் போடும் முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூனில் மெயில் வந்தது. சேவையை நிறுத்துகிறோம், ஒரு மாதத்துக்குள் இருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பர மெயில்களோடு கிடந்ததை நான் திறந்ததே ஐந்தாம் நாள்தான். ரூபாய் "படிப்படியாக" வரும் என்று இருந்தது. இரண்டு தடவை பத்தாயிரம், பத்தாயிரமாக வந்தது. பிறகு இல்லை. டோக்கனுக்கு வாங்க ஆளில்லை, அது பூஜ்யம். விற்காமல் விட்டிருந்த அந்தப் பத்தில் ஒரு பங்குப் பிட்காயினை மட்டும் போனில் ஒரு வாலட் போட்டு மாற்றினேன். அகராதியைப்போல் 2,048 வார்த்தைகள் உள்ள ஒரு பட்டியலிலிருந்து 12 வார்த்தைகளை அது எடுத்துக் கொடுக்கும், அதுதான் சாவி. கம்பெனியில் உட்கார்ந்து, ஒரு பழைய நூல் பில்லின் பின்பக்கம் கை நடுங்க எழுதினேன். வாலட் முகவரியின் முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்தை மூன்று தடவை ஒத்துப் பார்த்தேன். முதலில் மிகச் சின்னத் தொகையை அனுப்பி, அது வந்து சேர்ந்த பிறகு மீதியை அனுப்பினேன். அந்த நாட்களில் நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அவசரத்தில் ஒன்றை மறந்தேன், அதுவும் என் தொழிலே கணக்காக இருந்தும். இரண்டு வருஷ வரவு செலவு அறிக்கையை இறக்கி வைக்கவில்லை. கெடு முடிந்ததும் தளம் திறக்கவில்லை. என் வருமான வரிக் கணக்கின் 26ஏஎஸ் அறிக்கையில், விற்ற தொகைக்கு 1 சதவீதம் பிடித்தது பளிச்சென்று இருக்கிறது. அரசாங்கக் கணக்கில் நான் விற்றுப் பணம் வாங்கியவன். என்ன விலைக்கு வாங்கினேன் என்பதற்குச் சில பழைய மெயில்களையும் பாங்க் ஸ்டேட்மெண்ட்டையும் வைத்துக்கொண்டு ரிட்டர்ன் போட்டேன். ஊருக்கெல்லாம் "பில்லைப் பத்திரமா வையுங்க" என்கிறவன்.

அடுத்து வந்தவர்கள்தான் மோசமானவர்கள். டெலிகிராமில் அந்த எக்ஸ்சேஞ்சின் லோகோவோடு ஒருவர் வந்தார். ரீஃபண்ட் பிரிவாம். என் பெயர், இருப்பு எல்லாம் சரியாகச் சொன்னார். 8,000 ரூபாய் கட்டணம் கட்டினால் முழுப்பணமும் வரும் என்றார். கட்டியிருப்பேன். அதற்குள் அக்கா வீட்டுக்குப் போகவேண்டி வந்தது, வாய்விட்டுச் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே, "பணம் குடுக்கறவன் எதுக்கு கண்ணு பணம் கேக்கறான்?" என்றாள். இன்னொருவன் அந்த 12 வார்த்தையைக் கேட்டான். எந்த நிறுவனமும், எந்த அதிகாரியும் அந்த வார்த்தைகளைக் கேட்கவேண்டிய தேவையே கிடையாது. கேட்டால் திருட்டு. பணம் போய்விட்டால் உடனே கூப்பிடவேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930.

அக்காவிடம் எப்படிச் சொன்னேன் என்பதை முழுக்க எழுத என்னால் முடியவில்லை. அவள் சத்தம் போடவில்லை. பாப்பாவின் காலேஜ் பீஸுக்கு வளையலை அடகு வைத்தாள் என்பதை மச்சான்தான் இரண்டு மாதம் கழித்து, பேச்சுவாக்கில் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் மூடிய மற்ற எக்ஸ்சேஞ்சுகளின் கதைகளைப் படித்தேன். கனடாவில் குவாட்ரிகா என்ற எக்ஸ்சேஞ்ச். அதன் முதலாளி ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூரில் இறந்தார். சாவி அவரோடு போய்விட்டது என்று முதலில் சொன்னார்கள். தோண்டிப் பார்த்தால், அந்த வாலட்டுகள் அவர் சாவதற்குப் பல மாதம் முன்பே காலி. வாடிக்கையாளர் பணத்தில் அவரே சூதாடியிருந்தார். நியூசிலாந்தில் கிரிப்டோபியா 2019 ஜனவரியில் திருடப்பட்டு, மே மாதம் மூடப்பட்டது. காயின்கள் வாடிக்கையாளருக்காக வைத்திருக்கப்பட்ட சொத்து என்று அடுத்த வருஷமே அந்த நாட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பெருமளவில் காயின்கள் கைக்குத் திரும்பத் தொடங்கியது 2024 கடைசியில்தான்.

நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2025 அக்டோபரில் காயின் ஒரு சொத்து என்று சொன்னது. வசீர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் 2024 ஜூலையில் ஏறக்குறைய 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோய், எல்லாருடைய கணக்கும் முடக்கப்பட்டது. திருடுபோனவை வேறு காயின்கள், தன்னுடையவை அல்ல என்று வாடிக்கையாளர் ஒருவர் வழக்குப் போட்டார். கிரிப்டோ என்பது ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய, அவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கூறினார். அதைப் படித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. ஆப்பில் தெரிந்த அந்த எண் என்னுடையதுதான் என்று ஒரு நீதிமன்றம் சொன்னதுபோல் இருந்தது. ஆனாலும் சொத்து என்று சொல்லிவிட்டால் மட்டும் திரும்பி வந்துவிடாது. பாங்க் திவாலானால் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. எக்ஸ்சேஞ்சுக்கு அப்படி எதுவும் இல்லை. அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்திருக்கிறோம் என்று போட்டிருப்பார்கள். பதிவு இல்லாத இடத்துக்குப் போகவே கூடாது, சரி. ஆனால் அந்தப் பதிவு கறுப்புப் பணத்தைத் தடுக்க. உங்கள் பணத்துக்கு அது ஜாமீன் ஆகாது.

இப்போது கம்பெனிப் பையன்கள் என்னிடம் கேட்க வருகிறார்கள். பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். என் பேச்சைக் கேட்காதவர்களிடம் இதைச் சொல்கிறேன்: எக்ஸ்சேஞ்ச் ஒரு கடை. வாங்கினால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ. மாதம் ஒருதடவை நூறு ரூபாயாவது பாங்குக்கு எடுத்துப் பார், காயினையும் கொஞ்சம் வாலட்டுக்கு எடுத்துப் பார். வழக்கமாக ஆகும் நேரத்தைவிடத் தாமதமானால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதே, அன்றைக்கே எல்லாவற்றையும் எடு. கமிஷன் குறையும் என்று அவர்களுடைய டோக்கனை வாங்காதே. வட்டிக்காகப் பூட்டாதே. எங்களிடம் இவ்வளவு இருப்பு இருக்கிறது என்று காட்டினால், கடன் எவ்வளவு என்று கேள். எங்கள் தொழிலில் சொத்துப் பக்கத்தை மட்டும் காட்டும் பேலன்ஸ் ஷீட்டை யாரும் வாங்கிக்கொள்ளமாட்டார்கள். அறிக்கையை மாதாமாதம் இறக்கி வை. சாவி வார்த்தைகளைப் போட்டோ எடுக்காதே, வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. அந்தக் காகிதம் தொலைந்தால் முறையிட உலகத்தில் ஓர் ஆபீஸ் கிடையாது. அதைப் பத்திரமாக வைத்திருப்பேன் என்ற நம்பிக்கை இல்லாதவன் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

வந்த 20,000-ஐ அப்போதே அக்காவிடம் கொடுத்தேன். மீதி 1,60,000-க்கு மாதம் ஐந்தாம் தேதி ஐந்தாயிரம். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். 2023 ஆகஸ்டில் தொடங்கினேன். மிஞ்சிய பிட்காயினையும் அவளுக்கென்றே ஒதுக்கிவிட்டேன், தவணையில் கழிக்கவில்லை. 12 வார்த்தைகளை இரண்டு காகிதத்தில் எழுதி, ஒன்றை அவளுடைய பீரோவில், கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அது எதற்கு என்று அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் நான் போகும்போதெல்லாம் பீரோவைத் திறந்து, "உன்ற காயிதம் இருக்குது, பாத்துக்க" என்று காட்டுகிறாள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி கொடுத்தது 29-வது தவணை. சீட்டுக் கணக்கு எழுதும் அதே நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

"இன்னும் மூணு" என்றாள்.